கேட்டு வாங்கும் தொலைக்காட்சி: இணைய நேரலை பிளேயருக்கு வந்து சேரும் விதம்

கைப்பேசியில் ஒரு செய்திச் சேனலின் நேரலையைத் திறந்தால் முதலில் வந்து சேர்வது ஓர் எழுத்துக் கோப்பு. படமும் ஒலியும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அந்தக் கோப்பின் அளவு பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோபைட். நோட்பேடில் திறந்து எவரும் படித்துவிடலாம். உள்ளே வரிசையாகச் சில இணைய முகவரிகள் இருக்கும். ஒவ்வொரு முகவரியிலும் ஏறத்தாழ 6 விநாடி ஓடக்கூடிய ஒரு வீடியோத் துண்டு காத்திருக்கிறது. பிளேயர் அந்தத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு வாங்கி, இடைவெளி தெரியாமல் ஓட்டுகிறது. ஓட்டிக்கொண்டே அந்த எழுத்துக் கோப்பைச் சில விநாடிக்கு ஒருமுறை மீண்டும் வாங்கி, புதிதாக எந்தத் துண்டு சேர்ந்திருக்கிறது என்று பார்க்கிறது. சேனலை மாற்றும்வரை இதே வேலைதான்.

இந்த ஏற்பாட்டில் முயற்சி முழுவதும் பார்ப்பவரின் கருவியுடையது. சர்வர் யாருக்கும் எதையும் தானாக அனுப்புவதில்லை; கேட்ட கோப்பைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் சிக்ஸருக்குக் கைதட்டி முடித்த பிறகு நம் திரையில் பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்குவதும், படம் திடீரென மங்கிப் பிறகு தெளிவதும், விளம்பரம் முடிந்ததும் ஒலி முன்னும் படம் பின்னுமாக ஓடுவதும் இந்த ஒரே ஏற்பாட்டிலிருந்து வருபவை. நேற்று வி.எல்.சி. பிளேயரில் ஓடிய முகவரி இன்று ஓடாமல் போவது மட்டும் வேறு கதை. பார்ப்பவரின் கைக்கு வந்த முயற்சியை ஒளிபரப்பு உரிமையாளர்கள் திரும்பப் பிடித்துக்கொண்டதன் விளைவு அது. இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

சர்வர் தள்ளிய காலம்

1995இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து நிறுவனமான புரோகிரசிவ் நெட்வொர்க்ஸ், ரியல்ஆடியோ என்ற மென்பொருளை வெளியிட்டது. அந்த நிறுவனம் பிற்பாடு ரியல்நெட்வொர்க்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சியாட்டில் மரைனர்ஸ் அணிக்கும் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கும் நடந்த பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனை இணையத்தில் நேரடியாக ஒலித்தது. தொலைபேசிக் கம்பி வழியாக மோடம் வைத்து இணைந்த காலம் அது. வீடியோ வந்தபோது அதற்கென்று தனி நெறிமுறைகள், அதாவது பிளேயரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிகள், உருவாயின. ரியல்நெட்வொர்க்ஸும் நெட்ஸ்கேப்பும் கொலம்பியா பல்கலைக்கழகமும் சேர்ந்து வகுத்த ஆர்.டி.எஸ்.பி. 1998இல் பொதுத் தரமாக வெளியானது. மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் மீடியாவுக்கு எம்.எம்.எஸ். என்ற வழியை வைத்திருந்தது. பிரவுசருக்குள் வீடியோ ஓட்டிய ஃப்ளாஷ் பிளேயருக்காக மேக்ரோமீடியா உருவாக்கி, பிறகு அடோபி கைக்குப் போன ஆர்.டி.எம்.பி. அடுத்த பத்தாண்டில் கோலோச்சியது.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பிளேயர் 'ஓட்டு' என்று ஒருமுறை கட்டளை கொடுத்தால் போதும். அதன்பின் சர்வர் கடிகாரம் பார்த்துத் தரவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். யார் எந்த இடத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார், யார் நிறுத்தி வைத்திருக்கிறார் என்பதையெல்லாம் சர்வரே நினைவில் வைத்திருக்க வேண்டும். பத்தாயிரம் பேர் என்றால் பத்தாயிரம் நினைவுகள். அந்த சர்வர் விழுந்தால் பத்தாயிரம் பேரின் படமும் அந்த நொடியே நிற்கும். இதற்கான சர்வர் மென்பொருளுக்குத் தனி உரிமக் கட்டணம் உண்டு. அலுவலகங்களின் ஃபயர்வால்களோ இணையப் பக்கங்களுக்கான வாசலைத் தவிர மற்றவற்றை அடைத்து வைத்திருக்கும். ஆர்.டி.எஸ்.பி.க்கு 554, ஆர்.டி.எம்.பி.க்கு 1935 என்று தனித்தனி வாசல் எண்கள் இருந்ததால், வீட்டில் ஓடிய படம் கல்லூரியில் ஓடாது.

தொலைக்காட்சியின் இயல்போ இதற்கு நேர் எதிரானது. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் சேவையை எடுத்துக்கொள்வோம். செயற்கைக்கோளிலிருந்து ஒரே ஒரு சமிக்ஞைதான் இறங்குகிறது. ஆயிரம் பேர் டிஷ் வைத்தாலும் கோடிப் பேர் வைத்தாலும் ஒளிபரப்பும் செலவு மாறாது. இதே குணத்தை இணையத்திலும் கொண்டுவர முடியும் என்று ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு செய்த ஸ்டீவ் டீரிங் காட்டினார். 1989இல் வெளியான மல்டிகாஸ்ட் தரம் அவருடையது. அனுப்புபவர் ஒரே ஒரு பிரதியை அனுப்புவார். பாதை பிரியும் இடங்களில் மட்டும் ரவுட்டர்கள் அதைப் பிரதியெடுத்துக்கொள்ளும். அழகான யோசனை. 1996இல் பாரீஸ் எகோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் செயற்கைக்கோள் தொலைக்காட்சியை வளாகத்துக் கணினிகளுக்குக் கொண்டுசெல்ல ஒரு திட்டம் தொடங்கினார்கள். வளாக வலையமைப்பில் வரும் படத்தைப் பிரித்துக் காட்டுவதற்காக அவர்கள் எழுதிய மென்பொருள்தான் இன்று உலகம் அறிந்த வி.எல்.சி. பிளேயர். 2001இல் கல்லூரியின் அனுமதியுடன் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. எந்தக் கோப்பையும் திறக்கும் பிளேயர் என்று நாம் அறிந்தது, பிறவியிலேயே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி.

ஆனால் மல்டிகாஸ்ட் பொது இணையத்தில் வேர்விடவில்லை. ஒவ்வொரு சேனலுக்கும் யார் யார் கேட்கிறார்கள் என்ற கணக்கை வழியிலுள்ள ரவுட்டர்கள் எல்லாம் வைத்திருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு அதைக் கடத்தினால் யார் யாருக்குப் பணம் கொடுப்பது என்பதற்கும் விடை கிடைக்கவில்லை. ஒரே நிறுவனத்தின் வலையமைப்புக்குள் மட்டும் அது இன்றும் நன்றாக ஓடுகிறது. பிராட்பேண்ட் இணைப்போடு செட்டாப் பாக்ஸும் தரும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பலவற்றின் ஐ.பி.டி.வி. இந்த வகைதான். 239 என்று தொடங்கும் முகவரியில் ஒரு சேனல் கிடைக்கிறது என்றால் அது இந்த உள்வலைச் சேனல். அந்த நிறுவனத்தின் இணைப்பு இல்லாத ஊரில் அந்த முகவரிக்குப் பொருளே இல்லை.

பழைய பொருள்களால் ஆன புதிய வழி

ஐபோனில் ஃப்ளாஷ் ஓடாது. எனவே ஆப்பிளுக்குத் தனி வழி தேவைப்பட்டது. 2009இல் ஐபோன் ஓ.எஸ். 3.0 உடன் எச்.எல்.எஸ். (எச்.டி.டி.பி. லைவ் ஸ்ட்ரீமிங்) வந்தது. தொடக்கத்தில் பார்த்த, பட்டியலைப் பார்த்துத் துண்டுகளைக் கேட்டு வாங்கும் ஏற்பாடு இதுதான். அதன் முன்வரைவை ஆப்பிளின் ரோஜர் பாண்டோஸ் எழுதிப் பொதுவில் வைத்தார். 2017 ஆகஸ்டில் அது இணைய நெறிமுறைகளுக்கான ஆவண வரிசையில் ஆர்.எஃப்.சி. 8216 என்ற எண்ணில் முறையான ஆவணமாயிற்று. மூவ் நெட்வொர்க்ஸ் நிறுவனமும் மைக்ரோசாஃப்டின் ஸ்மூத் ஸ்ட்ரீமிங்கும் இதே திசையில் ஏற்கெனவே நடந்திருந்தன. ஆனால் கைப்பேசி வலையமைப்பில் 10 நிமிடத்துக்கு மேல் வீடியோ காட்டும் ஐபோன் செயலிகள் எச்.எல்.எஸ்.ஐத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஆப்பிள் விதி வைத்தது. 2011இல் ஆண்ட்ராய்டு 3.0உம் இதை ஏற்றது. பிறகு எல்லாச் சேனல்களும் வந்து சேர்ந்தன.

இந்த வடிவமைப்பில் நான் வியப்பது, அதில் புதிய பாகமே இல்லை என்பதுதான். பட்டியல் கோப்பின் வடிவம் எம்3யூ. எம்பி3 பாட்டுகளை வரிசைப்படுத்தத் தொண்ணூறுகளில் பயன்பட்ட அதே வடிவம். யூ.டி.எஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் இருப்பதால் கடைசியில் ஓர் 8 சேர்ந்து எம்3யூ8 ஆனது. துண்டுகளின் உள்ளமைப்பு எம்பெக் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம், டி.டி.எச். டிஷ்ஷில் இறங்குவதும் அதுவே. கொண்டுவந்து சேர்க்கும் வாகனம், இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்.டி.டி.பி. எந்த ஃபயர்வாலும் அதைத் தடுக்காது. எந்தச் சாதாரண இணைய சர்வரும் அதை வழங்கும்.

பட்டியல் கோப்பில் இரண்டு அடுக்கு உண்டு. பிளேயருக்கு முதலில் கொடுக்கப்படுவது தலைமைப் பட்டியல். அதே நிகழ்ச்சி எத்தனை தரங்களில் கிடைக்கிறது என்பதை அது சொல்லும்: 1080 வரிப் படத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட், 720 வரிக்கு 3 மெகாபிட், 360 வரிக்கு 800 கிலோபிட் என்பது போல. ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைப் பட்டியலின் முகவரி. பிளேயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனால் அங்கேதான் துண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் மேலே அதன் நீளம் விநாடியில் எழுதப்பட்டிருக்கும். உச்சியில் முதல் துண்டின் வரிசை எண். நேரலையில் புதிய துண்டு கீழே சேரும்போது பழையது மேலிருந்து நீக்கப்படும், வரிசை எண் ஒன்று கூடும். பதிவுசெய்த நிகழ்ச்சியாக இருந்தால் கடைசியில் 'பட்டியல் முடிந்தது' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இல்லாவிட்டால் இது நேரலை, மீண்டும் வந்து பார்க்க வேண்டும் என்று பிளேயர் புரிந்துகொள்ளும். நேரலைக்கும் பதிவுக்கும் பட்டியலில் உள்ள வேறுபாட்டை இந்த ஒரு வரியே தீர்மானிக்கிறது.

துண்டுக்குள்ளும் கொஞ்சம் பார்க்கலாம். டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் என்பது 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களின் தொடர். அந்த 188 ஏன் என்றால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எதிர்கால வலையமைப்பு என்று நம்பப்பட்ட ஏ.டி.எம். தொழில்நுட்பத்தின் நான்கு பொட்டலங்களில், தலைக்கு 47 பைட்டாக, அது சரியாக அடங்கும் என்பதற்காக. ஏ.டி.எம். அந்த நம்பிக்கையை நிறைவேற்றவில்லை, 188 மட்டும் தங்கிவிட்டது. நேரக் குறியீடும் அப்படிப்பட்ட ஒரு மரபு. விநாடிக்கு 90,000 முறை துடிக்கும் கடிகாரம், 33 பிட் எண்ணில் எழுதப்படுகிறது. அந்த எண் நிரம்ப ஏறத்தாழ இருபத்தாறரை மணி நேரம் ஆகும். நிரம்பியதும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இந்தத் திருப்பத்தைச் சரியாகக் கையாளாத பிளேயரில், இரவுபகலாக ஓடும் செய்திச் சேனல் ஒருநாளைக்குப் பிறகு காரணமே தெரியாமல் உறைந்து நிற்கும். கடைகளிலும் காத்திருப்பு அறைகளிலும் சேனலை அணைக்காமல் ஓடவிடுகிறவர்கள் சந்திக்கும் கோளாறுகளில் இது ஒன்று.

துண்டை எங்கே வேண்டுமானாலும் வெட்டிவிட முடியாது. வீடியோச் சுருக்கத்தில் ஒரு முழுப் படத்துக்குப் பின்வரும் படங்கள் 'முந்தையதிலிருந்து என்ன மாறியது' என்பதை மட்டுமே சொல்கின்றன. ஆகவே ஒவ்வொரு துண்டும் ஒரு முழுப் படத்தோடு தொடங்க வேண்டும். எல்லாத் தரங்களிலும் அந்த வெட்டு ஒரே நொடியில் விழ வேண்டும். அப்போதுதான் பிளேயர் ஐந்தாம் துண்டை 720 வரியிலும் ஆறாம் துண்டை 360 வரியிலும் வாங்கி, தடங்கலின்றி ஓட்ட முடியும். படம் மங்குவதும் தெளிவதும் எப்போதும் துண்டின் எல்லையில்தான் நடக்கும்.

எந்தத் தரத்தை வாங்குவது என்று முடிவெடுப்பதும் பிளேயரே. தொடக்கத்தில் எல்லாரும் ஒரே வழியைப் பின்பற்றினார்கள்: கடைசித் துண்டு எவ்வளவு வேகமாக இறங்கியது என்று அளந்து, அந்த வேகத்துக்குப் பொருந்துவதைக் கேட்பது. கைப்பேசி இணைப்பின் வேகம் ஒவ்வொரு நொடியும் மாறும் என்பதால் இது ஏறி இறங்கித் தத்தளிக்கும். 2014இல் ஸ்டான்ஃபோர்டும் நெட்ஃபிளிக்ஸும் வெளியிட்ட ஆய்வு வேறு வழியைக் காட்டியது. வேகத்தை ஊகிப்பதைக் குறைத்துக்கொண்டு, கையிருப்பில் எத்தனை விநாடி வீடியோ இருக்கிறது என்பதைப் பாருங்கள். இருப்பு நிறைந்திருந்தால் உயர்தரம், வற்றினால் குறைதரம். நெட்ஃபிளிக்ஸின் உண்மையான பயனர்களிடம் சோதித்தபோது படம் நின்றுபோவது 10 முதல் 20 சதவீதம் குறைந்தது. இன்றைய பிளேயர்கள் பல இரண்டு வழிகளையும் கலந்து பயன்படுத்துகின்றன. ஒரே வீட்டில், ஒரே வை-ஃபையில், ஒரே நிகழ்ச்சி ஒரு செயலியில் தெளிவாகவும் இன்னொன்றில் மங்கலாகவும் தெரிவதற்கு இந்தக் கணக்கின் வேறுபாடே பல நேரம் காரணம். இணைய நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் பிளேயரை மாற்றிப் பார்ப்பது நல்லது.

சிக்ஸர் ஏன் தாமதமாக வருகிறது

கிரிக்கெட் பார்க்கிற எவருக்கும் இந்தத் தாமதம் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பது விளங்கிவிடும். ஒரு துண்டு 6 விநாடி என்றால், அந்த 6 விநாடியும் மைதானத்தில் நடந்து முடிந்த பிறகுதான் துண்டு முழுமையடையும். அதைப் பல தரங்களில் சுருக்கி, பட்டியலில் சேர்த்து, பல ஊர் சர்வர்களுக்கு அனுப்பச் சில விநாடிகள். பிளேயர் பட்டியலைத் திரும்பப் பார்க்கும்வரை இன்னும் சில. இவற்றுக்கெல்லாம் மேல், பட்டியலின் கடைசித் துண்டிலிருந்து ஓட்டத் தொடங்கக் கூடாது, குறைந்தது மூன்று துண்டு நீளம் பின்தள்ளித் தொடங்க வேண்டும் என்று எச்.எல்.எஸ். ஆவணமே சொல்கிறது. கையிருப்பு இல்லாமல் தொடங்கினால் இணைப்பு சற்றே தடுமாறினாலும் படம் நின்றுவிடும் என்பதால் இந்த எச்சரிக்கை. மூன்று ஆறு பதினெட்டு. தொடக்க ஆண்டுகளில் ஆப்பிள் பரிந்துரைத்த துண்டின் நீளம் 10 விநாடி. அப்போது இந்த ஒரு காரணத்துக்கே 30 விநாடி போய்விடும். 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்கும் செயற்கைக்கோள் சமிக்ஞைக்குப் பயண நேரம் கால் விநாடிதான். பக்கத்து வீட்டு டிஷ் நம்மை முந்துவதற்குக் காரணம் தூரம் இல்லை, இந்தக் காத்திருப்புகளின் கூட்டுத்தொகை.

இதைக் குறைக்க 2019இல் ஆப்பிள் குறைதாமத எச்.எல்.எஸ்.ஐ அறிவித்தது. துண்டு முழுமையடையும் முன்பே அதன் சிறு பகுதிகளைப் பட்டியலில் காட்டிவிடுவது. 'புதியது வந்ததும் பதில் சொல்' என்று பிளேயர் சர்வரிடம் கேள்வியை நிறுத்தி வைப்பது. தாமதம் சில விநாடிகளுக்கு இறங்கும். ஆனால் கேள்விகளின் எண்ணிக்கை பன்மடங்காகும், கையிருப்பும் மெலியும். வேகத்துக்கும் உறுதிக்கும் இடையில் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றைப் பெற முடியும். கோடிக்கணக்கானோர் கைப்பேசியில் பார்க்கும் ஆட்டத்தில் சேனல்கள் உறுதியைத் தேர்ந்தெடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் கோடிகள் வெறும் பேச்சு இல்லை. 2019 ஜூலையில் மான்செஸ்டரில் இந்தியாவும் நியூசிலாந்தும் ஆடிய உலகக் கோப்பை அரையிறுதியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.5 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் பார்த்தன. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத் இறுதியாட்டத்தில் அது 5.9 கோடி. கருவிக்கு விநாடிக்கு 1 மெகாபிட் என்று மிகக் குறைவாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் விநாடிக்கு 59 டெராபிட். எந்த ஒற்றை சர்வர் கூடத்தாலும் இதை வெளியே அனுப்ப முடியாது. முடிவதற்குக் காரணம், எல்லாரும் கேட்பது அதே சில கோப்புகளைத்தான் என்பது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டாம் லெய்ட்டனும் டேனியல் லெவினும் 1998இல் தொடங்கிய ஆகமாய் போன்ற சி.டி.என். நிறுவனங்கள், இணையச் சேவை நிறுவனங்களுக்கு அருகிலும் உள்ளேயும் சேமிப்பு சர்வர்களை வைத்திருக்கின்றன. சென்னையில் ஒருவர் கேட்ட துண்டை அடுத்த நொடி கேட்கும் ஆயிரம் பேருக்கும் அங்கேயே எடுத்துக் கொடுத்துவிடலாம். மூல சர்வருக்கு அந்த ஆயிரம் பேர் இருப்பதே தெரியாது. தள்ளும் முறையில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. மல்டிகாஸ்ட் செய்யத் தவறியதை, கோப்பாக்கிச் சேமித்து வைக்கும் இந்த எளிய வழி ஓரளவு செய்துவிட்டது.

அந்த அரையிறுதியில் இன்னொரு பாடமும் கிடைத்தது. தோனி ரன் அவுட் ஆனதும் பார்வையாளர்கள் அலையலையாக வெளியேறினார்கள். வீடியோ சர்வர்களுக்கு அது ஓய்வு. ஆனால் வெளியேறியவர்கள் அழுத்தியது பின்செல்லும் பொத்தானை. போய் விழுந்தது செயலியின் முகப்புப் பக்கத்தில். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தயாராகும் பக்கம் அது. சேமித்து வைத்து எல்லாருக்கும் ஒன்றையே கொடுக்க முடியாது. ஆட்டம் முடிவுக்கு வரும் நேரத்தில்தான் அந்தச் சேவையின் வேறொரு பகுதிக்கு உச்சச் சுமை என்பதை அதன் பொறியாளர்கள் பின்னர் பொதுமேடையில் விளக்கினார்கள்.

சேமித்துக் கொடுக்கும் இந்த வசதியைக் குலைக்கும் மற்றொன்று, ஆளுக்கேற்ற விளம்பரம். நிகழ்ச்சித் துண்டுகளுக்கு நடுவே உங்களுக்கென்று தேர்ந்த விளம்பரத் துண்டுகளைச் செருக வேண்டும் என்றால், பட்டியல் கோப்பையே ஆளுக்கொன்றாகத் தயாரிக்க வேண்டும். செருகிய இடத்தில் 'இங்கே தொடர்ச்சி அறுகிறது, கடிகாரத்தைப் புதிதாக வைத்துக்கொள்' என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். விளம்பரத்தின் நேரக் குறியீடும் நிகழ்ச்சியின் நேரக் குறியீடும் வேறு வேறு என்பதால் இந்த எச்சரிக்கை. அந்த வரி விடுபட்டாலோ, பிளேயர் அதைச் சரியாக மதிக்காவிட்டாலோ, விளம்பரத்துக்குப் பிறகு உதடு ஒரு பக்கமும் ஒலி ஒரு பக்கமும் போகும்.

முகவரி இருந்தும் ஓடாத இடங்கள்

ஒரு சேனலின் இணையப் பக்கத்தில் படம் ஓடும்போது, பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து எம்3யூ8 என்று தேடினால் பட்டியல் கோப்பின் முகவரி தெரியும். கணினி பிரவுசர்களில் சஃபாரி போன்ற மிகச் சிலவே நீண்ட காலம் எச்.எல்.எஸ்.ஐத் தானாக ஓட்டின, மற்றவற்றில் எச்.எல்.எஸ்.ஜே.எஸ். போன்ற ஒரு நிரல் துண்டுகளை வாங்கிப் பிரவுசருக்கு ஊட்டுகிறது. வி.எல்.சி.யில் மீடியா மெனுவில் உள்ள ஓபன் நெட்வொர்க் ஸ்ட்ரீம் வழியாக அதே முகவரியைக் கொடுத்தால், டாய்ச்ச வெல்லே, அல் ஜசீரா போலத் தம் செய்தியை உலகம் பார்க்க வேண்டும் என்று நினைக்கும் சேனல்கள் பல நேரடியாக ஓடும். பழைய கணினி, மலிவான டிவி பெட்டி, பார்வைக் குறைபாடு உள்ளவருக்கேற்பக் குறுக்குவிசைகள் மாற்றிய பிளேயர், எதில் வேண்டுமானாலும் பார்க்கலாம். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் எந்த ஒளிபரப்பும் இப்படித்தான் திறந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வானத்திலிருந்து பூட்டில்லாமல் இறங்கும் சேனலுக்கு இணையத்தில் மட்டும் பூட்டு எதற்கு?

மற்ற சேனல்களில் முகவரியோடு நீண்ட வால் ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் டோக்கன். எதுவரை செல்லும் என்ற நேரமும், சில இடங்களில் கேட்டவரின் ஐ.பி. முகவரியும் சேர்த்து, சி.டி.என்.னுக்கும் சேனலுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியச் சொல்லால் முத்திரையிடப்பட்ட எழுத்துக் கோவை. பஸ் டிக்கெட் போல, குறித்த நேரத்துக்குக் குறித்த ஆளுக்கு மட்டும் செல்லும். ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. நண்பர் அனுப்பிய முகவரி உங்களிடம் ஓடாமல் போவதற்கும், காலையில் ஓடியது மாலையில் நின்றுவிடுவதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். யூடியூபில் தமிழ்ச் செய்திச் சேனல்கள் நடத்தும் நேரலைக்கும் உள்ளே இதே ஏற்பாடுதான். வீடியோவின் முகவரி சில மணி நேரத்தில் காலாவதியாகும். ஸ்ட்ரீம்லிங்க் போன்ற கருவிகள் சேமித்த முகவரியை நம்பாமல், ஒவ்வொரு முறையும் பக்கத்துக்குப் போய்ப் புதிய முகவரியை வாங்கி வி.எல்.சி.யிடம் கொடுப்பது அதனால்தான்.

நாடு பார்த்துத் தடுப்பது இன்னொன்று. படங்களுக்கும் தொடர்களுக்கும் விளையாட்டுக்கும் ஒளிபரப்பு உரிமை நாடுவாரியாக விற்கப்படுகிறது. டொரொண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் தமிழருக்குச் செய்திச் சேனல் தடையின்றி ஓடி, பொழுதுபோக்குச் சேனல் மறுக்கப்படுவது இந்த ஒப்பந்தங்களால். அந்த இடைவெளியில்தான் ஆயிரம் சேனல் கொண்ட எம்3யூ பட்டியல்களை மலிவுக் கட்டணத்துக்கு விற்பவர்கள் நுழைகிறார்கள். சேனல்களின் பட்டியலுக்கும் ஒரு சேனலின் துண்டுகளுக்கான பட்டியலுக்கும் கோப்பு வடிவம் ஒன்றே என்பதால், பார்க்க எல்லாம் முறையான சேவை போலவே தோன்றும். உரிமை வாங்காமல் மறு ஒளிபரப்புச் செய்யும் அவற்றில் பணம் கட்டுகிறவருக்கு, நாளை அது ஓடும் என்பதற்கு எந்தப் பிணையும் இல்லை.

கடைசியாக மறையாக்கம். எச்.எல்.எஸ்.ஸில் எளிய வகை ஒன்று உண்டு, துண்டுகள் ஏ.இ.எஸ். முறையில் பூட்டப்பட்டிருக்கும், சாவியின் முகவரி பட்டியலிலேயே எழுதியிருக்கும். சாவியைப் பெற அனுமதி இருந்தால் வி.எல்.சி.யும் திறந்துவிடும். வைட்வைன், ஃபேர்பிளே, பிளேரெடி போன்ற டி.ஆர்.எம். அமைப்புகள், அதாவது உரிமம் உள்ள கருவியில் மட்டும் ஓடவிடும் பூட்டுகள், வேறு. அவற்றில் சாவி பிளேயரின் கைக்கு வருவதே இல்லை. கருவிக்குள் உரிமம் பெற்ற ஒரு மூடிய பகுதி மட்டுமே அதைப் பார்க்கும். உயர்தரப் படத்துக்கு அந்தப் பகுதி வன்பொருளிலேயே இருக்க வேண்டும். மென்பொருளில் மட்டும் இருந்தால் பல சேவைகள் தரத்தைக் குறைத்தே தரும். நல்ல திரையுள்ள டிவி பெட்டியில் கட்டணச் சேவையின் படம் மங்கலாக ஓடுவதற்கு இது ஒரு காரணம். 2017இல் இதைப் பிரவுசர்களோடு இணைக்கும் முறையை, இணையப் பக்கங்களுக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி பரிந்துரையாக ஏற்றபோது, இணைய உரிமைகளுக்காக இயங்கும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் டபிள்யூ3சியிலிருந்தே விலகியது. திறந்த பிளேயர்கள் நுழைய முடியாத எல்லை இங்கே தொடங்குகிறது. துண்டுகள் வரும், பட்டியல் வரும், திரை கறுப்பாகவே இருக்கும். பிளேயரின் அமைப்புகளில் எதை மாற்றினாலும் பயனில்லை.

ஆகவே ஒரு முகவரி ஓடாதபோது, சர்வர் சொல்லும் பிழை எண்ணைப் பார்ப்பதே முதல் வேலை. வி.எல்.சி.யின் மெசேஜஸ் சாளரமோ எஃப்.எஃப்.புரோப் கருவியோ அதைக் காட்டும். 403 என்றால் கோப்பு இருக்கிறது, உங்களுக்கு அனுமதி இல்லை: டோக்கன் காலாவதி, நாட்டுத் தடை, அல்லது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்ற தகவல் இல்லாமை. 404 என்றால் கேட்ட கோப்பு அங்கே இல்லை. பட்டியல் கிடைத்துத் துண்டுகளுக்கு மட்டும் 404 வந்தால், பிளேயர் மிகவும் பின்தங்கி, நீக்கப்பட்ட பழைய துண்டுகளைக் கேட்கிறது என்று பொருள். நிறுத்தி மீண்டும் தொடங்கினால் சரியாகும்.

மீண்டும் தொடங்கியும் 404 தொடர்ந்தால், அந்தச் சேனல் எச்.எல்.எஸ்.ஸுக்கு இணையான டேஷ் முறையில் வருகிறதா என்று பாருங்கள். 2012இல் சர்வதேசத் தரமான அதில், துண்டுகளை ஒவ்வொன்றாக எழுதாமல், தொடங்கிய நேரத்தையும் துண்டின் நீளத்தையும் மட்டும் கொடுத்துவிடும் வழக்கம் உண்டு. இப்போது எத்தனையாவது துண்டு வந்திருக்கும் என்பதைப் பிளேயர் தன் கருவியின் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டுக்கொள்ளும். சர்வரிடம் நேரத்தைக் கேட்டுச் சரிபார்க்கும் வசதியைச் சேனல் சேர்க்காமல் விட்டிருந்து, கருவியின் நேரம் ஒரு நிமிடம் முந்தியிருந்தால், இன்னும் பிறக்காத துண்டுகளை அது கேட்டுக்கொண்டே இருக்கும். பேட்டரியில்லாத மலிவான டிவி பெட்டிகள் மின்தடைக்குப் பிறகு பழைய தேதியோடு எழும்போது நிலைமை இன்னும் மோசம். இணையச் சான்றிதழ்கள்கூடச் செல்லாது என்று தள்ளப்பட்டு, பட்டியல் கோப்பே கிடைக்காது. அமைப்புகளில் தேதியையும் நேரத்தையும் தானாகப் பெறும்படி வைத்துவிட்டால் இரண்டு கோளாறும் நீங்கிவிடும்.